தாள் புரட்டும் இடம்

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

லெந்து நோன்பு தொடங்கிவிட்டது. இந்த நாற்பது நாளும் ஆளுக்கு ஒன்றை விட்டுவிட வேண்டும் என்று காலை ஆராதனையில் சபைப் போதகர் ஐயரவர்கள் சொன்னார்கள். பாதிப் பேர் மீனை விடுவார்கள். சிலர் டிவியை விட்டுவிட்டு அதையே செல்போனில் பார்ப்பார்கள். நான் காப்பியை விடலாம் என்று நினைத்தேன். மனைவி கெத்சியாள் ஒப்பவில்லை. "காப்பிய விட்டுட்டு அந்தக் கடுப்பையும் எம்மேல காட்டவா? கோவத்த விடுங்க" என்றாள்.

ஆகவே இந்த டைரி. இன்சூரன்ஸ் ஏஜெண்ட் கொடுத்தது, ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. ஈஸ்டர் வரை யாரையும் வாயால் திட்டுவதில்லை. திட்ட வேண்டியதை இதில் எழுதிவிட்டு வாயை மூடிக்கொள்வது என்று ஏற்பாடு.

முதல் நாளே சோதனை. ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளர் பொன்சிங் அண்ணாச்சி கையைப் பிடித்துக்கொண்டார். சீயோன்விளை ஆலயத்தின் நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு ஞாபகமாக, பாடகர் குழு நிற்கும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பளிங்குக் கல் வைக்கப்போகிறார்களாம். அதில் நமது பெரிய வெள்ளிப் பாட்டு. ஈஸ்டர் அன்று பிஷப் திறப்பார். பாட்டுக்குக் கீழே 'இயற்றியவர்' என்று பேர் போட வேண்டும், அதைப் பற்றிக் கமிட்டியில் பேசவேண்டும் என்றார்.

இதில் பேச என்ன இருக்கிறது? என் அப்பா ஞானாபரணம் இயற்றிய பாட்டு. நாற்பத்திரண்டு வருஷம் இந்தக் குழுவை நடத்தியவர். அவருக்குப் பிறகு இருபத்துநாலு வருஷமாக நான். சொல்லவில்லை. இதோ, எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 24, வெள்ளி

ஐந்தரைக்குப் பயிற்சி. ஐந்தரை என்றால் ஐந்தரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்புவது என்று மேல்குரல் பாடும் சொப்ரானோக்கள் எங்கே படித்தார்கள் என்று தெரியவில்லை. பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோவில் மூன்று பேர், அதில் ஒருத்தி என் மனைவி, அவளும் பேசிக்கொண்டே இருக்கிறாள். ஆண்களின் அடிக்குரலான பேஸ் வரிசையில் பொன்சிங் அண்ணாச்சி பெரிய வெள்ளிப் பாட்டின் கடைசி வரியில் வழக்கம்போலச் சுருதி இறங்குகிறார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், எழுபது வயது, அவரிடம் என்ன சொல்ல? என் தாளில் அந்த ஸ்வரத்துக்கு மேலே பென்சிலால் 'பொன்சிங்' என்று எழுதிவைத்தேன். நடத்துகிறவர் எல்லாரும் செய்வதுதான். எந்த இடத்தில் யாரைப் பார்க்க வேண்டுமோ அங்கே அவர் பேரை எழுதிவைப்பது. பார்த்தால் கொஞ்சம் நிமிர்ந்து பாடுவார்கள்.

திட்டவில்லை. கழுத்தில் நரம்பு பிடித்துக்கொண்டது.

பிப்ரவரி 26, ஞாயிறு

கமிட்டி. பொன்சிங் அண்ணாச்சி எழுந்து, அந்தப் பாட்டைத் தன் தாத்தா உபதேசியார் வேதமாணிக்கம் இயற்றியதாகத் தன் வீட்டில் சொல்லிக்கொள்வார்கள் என்றார். சொல்லிக்கொள்வார்களாம். எங்கள் வீட்டில்கூடத்தான் சொல்லிக்கொள்கிறோம். என் குரல் உயரப் பார்த்தது, கெத்சியாள் முகம் ஞாபகம் வந்தது, தண்ணீர் குடித்தேன்.

ஐயரவர்கள் புதிதாக வந்தவர்கள், இரண்டு பக்கமும் சாயவில்லை. ஏதாவது பழைய தாள், ஆதாரம், இரண்டு பேரும் தேடிக் கொண்டுவாருங்கள், மார்ச் பன்னிரண்டில் முடிவு செய்வோம் என்றார்கள்.

அந்தப் பாட்டு மொத்தமே பதினாறு தாளக்கட்டு. இரண்டு நிமிஷம் வராது. பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனையின் முடிவில், கீபோர்டு இல்லாமல், நாலு குரலில் பாடுவோம்.

இருள் மூடும் வேளையில்
எம் விளக்கும் அணைந்ததே;
பேசாதிருக்கும் தேவனே,
இருட்டிலும் நீர் இருக்கிறீர்.

இவ்வளவுதான். மூன்றாம் வரி முடிந்ததும் எல்லாரும் நிறுத்துவோம். நாலு எண்ணிக்கை முழுமௌனம். பிறகு பேஸ் மட்டும் அடியிலிருந்து 'இருட்டிலும்' என்று எடுப்பார்கள், மற்ற மூன்று குரலும் பின்னால் வந்து சேரும். அந்த நாலு எண்ணிக்கைக்குள் ஆலயத்தில் யாராவது அழுதுவிடுவார்கள். அதற்காகவே நாசரேத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். முந்தைய பிஷப் அந்த மௌனத்தைப் பற்றியே பத்திரிகையில் இரண்டு பக்கம் எழுதினார். அப்பாவுக்குத்தான் அது தோன்றும். அவர் பேசாமல் இருப்பதில் தேர்ந்தவர்.

பிப்ரவரி 28

மோட்டார் ஓடவில்லை. பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்றான். நேற்றும் அதைத்தான் சொன்னான்.

மார்ச் 3, வெள்ளி

பரணிலிருந்து அப்பாவின் தகரப்பெட்டியை இறக்கினேன். முதுகு போயிற்று.

உள்ளே சுருதிக்கவை, இரண்டு கண்ணாடி, பாட்டுத் தாள்கள். நான் தேடியது இரண்டும் இருந்தன. ஒன்று 1958-இல் அவர் ஸ்டென்சில் வெட்டி எடுத்தது, இரண்டு தாள் சேர்த்துக் குண்டூசி குத்தியிருக்கிறது, ஊசி துருப்பிடித்துவிட்டது. அவர் கையெழுத்து, தேதி இருக்கிறது, பேர் இல்லை. மற்றது 1971-இல் அவரே மையால் எழுதிய ஒற்றைத் தாள். சாகும்வரை அதை வைத்துத்தான் நடத்தினார். மடித்து மடித்து நடுவில் கிழிகிற நிலை.

எங்கள் பக்கத்துச் சபைகளில் இசையைக் கோடு போட்டு எழுதுவதில்லை. டோ ரே மீ எழுத்துகளிலேயே எழுதுவோம், சோல்பா என்போம். ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் முன்னால் மேலும் கீழுமாக இரண்டு புள்ளி. பாட ஒன்றும் இல்லையென்றால் புள்ளிக்குப் பின்னால் காலியாக விட்டுவிடுவோம். 1971 தாளில் அந்த நாலு காலியிடமும் இருக்கின்றன. சரியாக அங்கேதான் மடிப்பு. மடிப்புக்குள் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

'தியோ 27.3.70.'

தியோ நான்தான். தியோடர். அந்தத் தேதியும் தெரியும். ஒன்பது வயது. அன்று பெரிய வெள்ளி. சொப்ரானோவில் சின்னப் பையன்களோடு நின்றேன். மூன்றாம் வரி முடிந்ததும், யாரும் பாடாத இடத்தில் நான் மட்டும் 'இருட்டிலும்' என்று கத்திவிட்டேன். பாதியில் தெரிந்து வாயைப் பொத்திக்கொண்டேன். ஆலயம் முழுக்க என்னைப் பார்த்தது. அதற்குப் பிறகு ஒரு வாரம் அப்பா என்னோடு பேசவில்லை. ஒரு வார்த்தை இல்லை. ஈஸ்டர் அன்றுகூட.

அதைத் தேதியோடு குறித்து வைத்திருக்கிறார் மனுஷன். மின்வாரியத்தில் நான் மீட்டர் கணக்கு எடுத்தபோதுகூட இவ்வளவு ஒழுங்காக எடுத்ததில்லை. அதன்பிறகு நான் குரல் உடைந்து, ஆண்களின் மேல்குரலான டெனருக்குப் போய், கல்யாணம் முடிந்து, தலை நரைத்த பிறகும், ஒவ்வொரு பெரிய வெள்ளியும் அந்த இடம் வந்தால் என்னைத் திரும்பிப் பார்ப்பார். மறக்கவில்லை என்று காட்டுவதற்கு. இப்போது தெரிகிறது, எழுதிவைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார்.

பெட்டியை மறுபடி ஏற்றவில்லை. கெத்சியாள் தடுக்கி விழுந்தாள். அவள் என்னைத் திட்டினாள், அவளுக்கு விரதம் கிடையாது.

மார்ச் 5, ஞாயிறு

ஒன்றை எழுதிவிடுகிறேன். அப்பா என்னை ஒரு தடவைகூட 'நல்லா பாடுன' என்று சொன்னதில்லை. தோளில் கைபோட்டதில்லை. சுருதிக்கவையால் விரல் முட்டியில் தட்டியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்தப் பாட்டைக் கேட்டால், இதை எழுதியவர் உள்ளே இளகாமல் எழுதியிருக்க முடியாது என்று தோன்றும். எனக்கு அது போதும் என்று இருந்துவிட்டேன். அந்தப் பாட்டு அவருடையது இல்லையென்றால் அவரிடம் எனக்கென்று என்ன மிச்சம்?

அதனால் கல்லில் அவர் பேர் வர வேண்டும்.

மார்ச் 9, வியாழன்

பெத்தானியாவிளைக்குப் போய்வந்தேன். இரண்டு பஸ், நடுவில் ஒரு மணி நேரம் வெயில். பழைய காலத்தில் நம் சபையும் அந்தச் சபையும் ஒரே போதகரின் கீழ் ஒரே சேகரம். அங்கே ஏதாவது இருந்தால் பார்த்துவிடலாம், அப்பா பேர் எழுதிய தாள் ஒன்று கிடைத்தால் பொன்சிங் அண்ணாச்சி வாயை மூடலாம் என்று கணக்கு.

ஆலயப் பணியாளர் சாவியைத் தேட முக்கால் மணி. பீரோவைத் திறந்தால் பாதி கரையான். உபதேசிமார் கூட்டத்து நோட்டு ஒன்று தப்பியிருந்தது. அதற்குள் ஒரு தாள். பிரித்ததும் தெரிந்துவிட்டது, நாலு குரல், நம் பாட்டு. 1931. அடியில் அழகான எழுத்தில்: 'பிரதி எடுத்தவர்: வேதமாணிக்கம். இயற்றியவர் பேர் தெரியவில்லை.'

அப்பா பிறந்தது 1926.

பணியாளர் டீ வாங்கிக் கொடுத்தார். தாளை எடுத்துக்கொண்டு போய்க் காட்டிவிட்டுத் தருகிறேன் என்றேன், நல்லது என்றார். பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே வந்தேன்.

கெத்சியாள் என்ன கிடைத்தது என்று கேட்டாள். கரையான் என்றேன்.

மார்ச் 10

தாளை இந்த டைரிக்குள் வைத்திருக்கிறேன். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான்.

மார்ச் 12, ஞாயிறு

கமிட்டி. 1958 தாளைக் காட்டினேன். எல்லாரும் கைமாற்றிப் பார்த்தார்கள். பொன்சிங் அண்ணாச்சியிடம் ஒன்றும் இல்லை, வீட்டில் தேடினேன், வெள்ளத்தில் போயிருக்கும் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பெத்தானியாவிளைக்குப் போனியாமே தம்பி, அங்க ஏதும் கெடச்சுதா?" என்று கேட்டார்.

பீரோ பாதி கரையான் என்றேன். அது உண்மை.

ஒருமனதாக அப்பா பேர். ஐயரவர்கள் கைகுலுக்கினார்கள். இரண்டு வாரமாக இதற்குத்தானே அலைந்தேன். மதியம் சாப்பாடு இறங்கவில்லை. ரசத்தில் உப்பு அதிகம்.

மார்ச் 16, வியாழன்

கல்வெட்டுக்காரரிடம் போனோம், நானும் பொன்சிங் அண்ணாச்சியும். உடன்குடி ரோட்டில் பட்டறை. மேலிருந்து ஒவ்வொரு வரியாகத்தான் வெட்டுவேன், பேர் கடைசியில் வரும், எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுக்கும்போது பேனா எழுதவில்லை. அண்ணாச்சி தன் பேனாவைக் கொடுத்தார். ஞா-வில் துணைக்காலை விட்டுவிட்டேன், அவரே பார்த்துச் சேர்த்தார்.

இந்த மனுஷன் சண்டை போட்டால் எவ்வளவு வசதியாக இருக்கும். திரும்பி வரும்போது கருப்பட்டி மிட்டாய் வாங்கி என் கையில் கொடுக்கிறார். எரிச்சலாக வந்தது.

மார்ச் 19, ஞாயிறு

எரிச்சல் போதாதென்று இன்றைக்கு அண்ணாச்சி வீட்டுக்கே வந்துவிட்டார். காப்பி குடித்தார். உங்க அப்பா பேர் வருவதுதான் சரி, எனக்கு மனதார சந்தோஷம் என்றார். அதோடு விட்டிருக்கலாம். அந்த எழுபதாம் வருஷத்துப் பெரிய வெள்ளியை எடுத்தார். அவர் அப்போது பதினேழு வயது, பேஸ் வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றவர்.

நான் தப்புப் பண்ணினதுதானே, ஊருக்கே தெரியும் அண்ணாச்சி என்றேன்.

"தப்பு என்ன தப்பு. அதுக்கு முன்னால அந்த எடத்துல ஏது சைலன்ஸ்? தாள் பொரட்டுத எடம்லா அது. முப்பது பேரு ஒரே நேரத்துல பொரட்டினா சோளம் பொரிஞ்ச மாரி சத்தம் கேக்கும். சத்தம் அடங்குனதுக்கு அப்புறம் உங்க அப்பா கைகாட்டுவாவ, எல்லாரும் சேந்து கடைசி வரியப் பாடுவோம். அன்னைக்கு நீ கைல தாள் இல்லாம மனப்பாடமா நின்ன. நேரா போயிட்ட. பாதில நிப்பாட்டிட்டியா, எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு. ஒருத்தனும் தாளப் பொரட்டல. கோயிலே அமந்து போச்சு. நீ அழப்போற மாரி நிக்க. அப்ப உங்க அப்பா, கையக் கீழ போட்டுட்டு, தனியா எடுத்தாவ பாரு, 'இருட்டிலும்'னு. நீ விட்ட எடத்துலேர்ந்து. யாரும் உன்னப் பாக்காம அவாளப் பாக்கட்டும்னு. நாங்க பொறவுதான் சேந்தோம்."

எனக்கு அது ஞாபகம் இல்லை என்றேன்.

"நீ வாயப் பொத்திக்கிட்டுக் குனிஞ்சுட்டல்லா. அடுத்த வருசம் புதுத் தாள் எழுதிட்டு வந்தாவ. நாலு காலி, அப்புறம் பேஸ் தனியா. இப்பிடித்தான் இனிமேன்னு சொன்னாவ."

ஒரு வாரம் என்னோடு பேசவில்லையே, அது எதற்கு என்று கேட்டுவிட்டேன். ஐம்பத்துமூன்று வருஷத்தில் யாரிடமும் கேட்டதில்லை. அண்ணாச்சி சாவதானமாகக் காப்பியை ஆற்றினார்.

"யார்ட்ட பேசுனாவ? மூணு மணி நேரம் தண்ணி குடிக்காம நின்னுட்டு அந்தக் கட்டைக் குரல்ல எடுத்தா தொண்டை என்னத்துக்கு ஆகும்? ஈஸ்டர் பாட்டெல்லாம் சைகையிலதான் நடத்துனாவ."

தொண்டை கட்டினால் மகனுக்குச் சைகை காட்டக்கூடாதா? அதை அவரிடம் கேட்கவில்லை. இங்கே கேட்கிறேன்.

மார்ச் 20

மோட்டார் சரியாகிவிட்டது. டேங்க் நிரம்பி வழிந்து கெத்சியாள் காயப்போட்ட மிளகாய் எல்லாம் நனைந்தது. அணைக்க மறந்தது நான்தான்.

மார்ச் 22, புதன்

மூன்று தாளையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன்.

1931: மௌனம் இல்லை. மூன்றாம் வரி முடிந்ததும் நாலு குரலும் சேர்ந்து நேராகக் கடைசி வரிக்குப் போகிறது. 1958: அதேதான். ஆனால் முதல் தாள் 'தேவனே'-யோடு நிரம்பிவிட்டது, கடைசி வரி அடுத்த தாளில். 1971: நாலு காலியிடம், பிறகு பேஸ் தனியாக.

ஆக எழுதியபடி பாடியவன் நான் ஒருத்தன்தான். மற்ற முப்பது பேரும் தாள் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அது அப்பாவுக்குத் தெரியும். நீ பாடினது சரிதான் தியோ என்று ஒரு வார்த்தை, தொண்டை சரியான பிறகு சொல்லியிருக்கலாம். அதற்கப்புறம் இருபத்தொன்பது வருஷம் உயிரோடு இருந்தார். எத்தனை தடவை ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்தோம்.

நான் அந்த மௌனத்தைப் பயந்து பயந்து காத்தேன். யாராவது முந்திவிடுவார்களோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். முந்தின ஆட்களை நானும் பேசாமல் வதைத்திருக்கிறேன். ஆல்டோ பாடும் எமீமாளை ஒரு வருஷம் பின்வரிசையில் நிறுத்தினேன்.

கோபம் தாங்கவில்லை. கொல்லையில் போய்த் தேங்காய் உரித்தேன். ஆறு தேங்காய். வீட்டில் இரண்டு பேர்தான்.

மார்ச் 24, வெள்ளி

பயிற்சி. எமீமாள் முந்திவிட்டாள். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

மார்ச் 28, செவ்வாய்

கெத்சியாள் மேஜையைத் துடைக்கும்போது டைரி கீழே விழுந்து 1931 வெளியே வந்துவிட்டது. எடுத்துப் படித்தாள். முழுக்கப் படித்தாள். பிறகு என் முன்னால் வைத்தாள்.

"கரையானுக்குக் கையெழுத்து நல்லாருக்கு" என்றாள்.

வேறு ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாடு போட்டாள். இரண்டாவது தடவை குழம்பு ஊற்றவா என்று கேட்டாள். இவளும் அப்பாவிடம்தான் பாடம் கேட்டிருப்பாள்போல.

மார்ச் 30, வியாழன்

நேற்றும் இன்றும் அவள் என்னோடு சாதாரணமாகப் பேசுகிறாள். பால்காரன், எரிவாயு, தங்கை மகள் நிச்சயதார்த்தம். தாங்க முடியவில்லை.

கல்லில் அந்தப் பேர் வந்துவிட்டால் ஒவ்வொரு ஞாயிறும் அதற்குப் பக்கத்தில் நின்று நான் பாட வேண்டும். அப்பா பேரைப் பொய்யாக எழுதி, அதை அவர் பார்த்தால் என்ன செய்வார் என்று யோசித்தேன். பேசமாட்டார்.

ஏப்ரல் 1, சனி

ஐயரவர்கள் வீட்டுக்குப் போனேன். பொன்சிங் அண்ணாச்சியையும் வரச் சொல்லியிருந்தேன். தாளை மேஜையில் வைத்தேன். மார்ச் ஒன்பதாம் தேதியிலிருந்து என்னிடம் இருக்கிறது என்றேன். கமிட்டியில் மறைத்தேன் என்றும் சொன்னேன். ஐயரம்மா மோர் கொண்டுவந்தார்கள்.

அண்ணாச்சி தாளைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். தாத்தா கையெழுத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார். வீட்டில் ஒரு துண்டுகூட இல்லையாம். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பேர் தெரியலன்னு எழுதிருக்காவ பாரு. நான்தான்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா யார் கேக்கப்போறா" என்றார்.

அது எனக்குச் சொன்னதா, தனக்குச் சொன்னதா தெரியவில்லை. எனக்கு உறைத்தது.

கல்வெட்டுக்காரருக்குப் போன் போட்டோம். பேர் இன்னும் வெட்டவில்லையாம், நாளை மறுநாள்தான் என்றார். ஆனால் 'இயற்றியவர்' வெட்டி, இரண்டு புள்ளியும் வைத்தாயிற்று. அழிக்க வேண்டுமென்றால் கல்லையே மாற்ற வேண்டும், ஈஸ்டருக்கு ஆகாது என்றார். அப்படியே இருக்கட்டும் என்று ஐயரவர்கள் சொன்னார்கள்.

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

ஊர்வலத்தில் சொப்ரானோக்கள் ஒரு பாட்டு, பின்னால் வந்தவர்கள் வேறு பாட்டு. கமிட்டியில் என் மன்னிப்பைக் குறிப்பில் எழுதினார்கள். இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாதது சரிதான்.

ஏப்ரல் 6, பெரிய வியாழன்

நாளைக்கு ஜெராக்ஸ் வேண்டாம், அப்பாவின் 1971 தாளை வைத்தே நடத்துகிறேன் என்று கெத்சியாளிடம் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. மடிப்பு மறைக்கும் என்று, துணி போட்டு இஸ்திரிப்பெட்டியால் மெதுவாகத் தேய்த்துக் கொடுத்தாள்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

மூன்று மணி நேரம். ஃபேன் இரண்டு ஓடவில்லை. கூட்டம் வெளியே பந்தல் வரை.

பாட்டு எடுத்தோம். முதல் வரி, இரண்டாம் வரி, நன்றாகவே போயிற்று. 'பேசாதிருக்கும் தேவனே.' கையை மூடினேன். மௌனம். எண்ணுவதற்காகத் தாளைப் பார்த்தேன்.

மடிப்பு போயிருந்தது. காலியிடம் நாலும் தெளிவாகத் தெரிந்தன. அவற்றுக்கு மேலே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பென்சில் எழுத்து அதற்கு அடுத்து, பேஸ் எடுக்கிற முதல் ஸ்வரத்துக்கு நேர் மேலே, அன்று அப்பா எனக்காக எடுத்த இடத்தில், இருந்தது.

கை திறக்கவில்லை. நாலு ஆயிற்று, ஆறு ஆயிற்று, எனக்கு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. பசியும் வெயிலும். காலையிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லை. அதனால் இருக்கும்.

பொன்சிங் அண்ணாச்சி எடுத்தார். நான் சைகை காட்டாமல், தனியாக, 'இருட்டிலும்' என்று. கூட்டம் என் முதுகை விட்டுவிட்டு அவரைப் பார்த்தது. பிறகு பேஸ் எல்லாரும், பிறகு டெனர், பிறகு பெண்கள். நான் கையை எப்போது ஆட்டத் தொடங்கினேன் என்று தெரியாது.

முடிந்து வெளியே வந்ததும் அண்ணாச்சி செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்: "எவ்வளவு நேரம் தம்பி நிப்ப? எனக்கு மூச்சு முட்டிட்டு."

கடைசி வரியில் சுருதி இறங்கினார் என்று சொன்னேன். இறங்கினார்தான்.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

பிஷப் திரையை விலக்கினார். நாலு வரிப் பாட்டு, கீழே 'இயற்றியவர்:', அதற்கப்புறம் வெறும் கல். பிஷப் கொஞ்சம் குனிந்து பார்த்தார், பேர் எங்கே என்றார். ஐயரவர்கள் விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். அதற்குள் ஆல்டோ வரிசையில் சிரிப்பு. இரண்டு புள்ளி, பின்னால் காலி. சோல்பா படித்த யாரும் அதை அப்படித்தான் வாசிப்பார்கள். எமீமாள்தான் ஆரம்பித்தது. நான் முறைக்கவில்லை.

சபை விருந்தான அசனத்தில் ஆட்டுக்கறி. அண்ணாச்சி பக்கத்து இலை. பேசிக்கொண்டே என் எலும்பையும் எடுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 10, திங்கள்

லெந்து முடிந்தது. இனி வாயால் திட்டலாம். காலையிலிருந்து ஆள் அகப்படவில்லை.

பெத்தானியாவிளைத் தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 1971 தாள் இனித் தாங்காது. அதனால் புதுப் பிரதி எழுத உட்கார்ந்தேன். ஒரே பக்கத்தில் அடங்குகிற மாதிரி, புரட்ட வேலை இல்லாமல். நாலு காலியிடத்தையும் அப்படியே விட்டேன். அடியில் 'பிரதி எடுத்தவர்: ஞா. தியோடர். இயற்றியவர் பேர் தெரியவில்லை' என்று போட்டேன். பிரதி என்றால் உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும். ஆகவே பென்சிலை எடுத்து அந்த இடத்தில் 'தியோ 27.3.70' என்பதையும் எழுதினேன்.

கெத்சியாள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பேரு எழுதுறது யாரப் பாக்கணும்னு ஞாபகத்துக்குத்தானே? மாமா அந்த எடத்துல உங்களப் பாத்தாவ. நீங்க யாரப் பாப்பீங்க?"

பொன்சிங்கை என்றேன். சுருதி இறங்குகிறாரே.

அவள் நகரவில்லை. நடத்துகிறவன் தன் பேரையே தாளில் எழுதிவைத்தால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், அழித்துவிடுகிறேன், உள்ளேயிருந்து ரப்பர் எடுத்துவா என்றேன். சரி என்று போனவள் அடுப்படியில் ஏதோ உருட்டிக்கொண்டிருந்தாள். ரப்பர் வரவில்லை.

நானும் மறுபடி கேட்கவில்லை.